ராணிக்கு இன்னும் சவரம் ஆகவில்லை

இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் ஒரு நாள் சோக நாடகம் பார்க்க வழக்கத்தைவிடச் சற்று முன்னதாகவே வந்து உட்கார்ந்துவிட்டார். நாடகம் தொடங்குகிற வழியாகத் தெரியவில்லை. பொறுமை போய், என்ன தாமதம் என்று ஆள் அனுப்பிக் கேட்டார். கம்பெனி மேனேஜருக்குத் தர்மசங்கடம். பொய் சொல்லி மாட்டிக்கொள்வதைவிட உள்ளதைச் சொல்லிவிடுவது மேல் என்று நினைத்திருக்க வேண்டும். நேரே வந்து, ராணிக்கு இன்னும் சவரம் ஆகவில்லை என்று சொல்லிவிட்டார். மன்னருக்கு ஒரே சிரிப்பு. சவரம் முடிகிறவரை அந்தச் சிரிப்பிலேயே அவருக்குப் பொழுது போய்விட்டதாம்.

கோலி சிப்பர் என்ற நடிகர் 1740ல் வெளியிட்ட தன்வரலாற்றில் இருக்கிற கதை இது. வகுப்பில் இதைச் சொன்னால் கடைசி பெஞ்சுவரை விழித்துக்கொள்ளும். முப்பது வருஷம் ஆங்கில இலக்கியம் நடத்தியவன் என்ற முறையில் உத்தரவாதம் தருகிறேன். சிரிப்பு அடங்கியதும் எனக்கு மட்டும் ஒரு கேள்வி மிஞ்சும். சவரக்கத்தி பட்ட அந்த அழகு முகம் பிறகு என்ன ஆயிற்று?

அந்த ராணி எட்வர்ட் கைனஸ்டன் என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆங்கில மேடையின் கடைசி ஸ்திரீபார்ட்டுகளில் பேர்போனவர். நாட்குறிப்பால் பிரபலமான சாமுவேல் பீப்ஸ் 1660 ஆகஸ்டில் இவரைப் பெண் வேடத்தில் பார்த்துவிட்டு, தன் வாழ்நாளில் கண்டதிலேயே அழகான பெண் இவள்தான் என்று எழுதி வைத்தார். குரல்தான் அவ்வளவு சுகமில்லை என்று ஒரு குறையும் சொன்னார். அடுத்த ஜனவரியில் பென் ஜான்சனின் 'எபிசீன்' நாடகம். அதில் கைனஸ்டன் ஏழைப் பெண்ணாக வந்தார், பகட்டுக்காரியாக வந்தார், கடைசியில் ஆணாகவும் வந்தார். கொட்டகையில் இருந்தவர்களிலேயே அழகான பெண்ணும் அவர்தான், அழகான ஆணும் அவர்தான் என்பது பீப்ஸின் தீர்ப்பு. நாடகம் முடிந்ததும் சீமாட்டிகள் இவரை வேடம் கலைக்க விடாமல் தங்கள் கோச்சு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஹைட் பார்க்கைச் சுற்றி வருவார்களாம். இதுவும் சிப்பர் சொன்னதுதான்.

ஆனால் 1660 டிசம்பர் 8ஆம் தேதியே லண்டன் மேடையில் ஒரு பெண் ஷேக்ஸ்பியரின் நாயகி டெஸ்டிமோனாவாக நின்றுவிட்டாள். 1662ல் அரசர் கொடுத்த உரிமைப் பத்திரத்தில், பெண் வேடங்களைப் பெண்களே ஏற்று நடிக்கலாம் என்று எழுத்திலேயே வந்துவிட்டது. கைனஸ்டனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். ஊரே கொண்டாடிய அழகு ஒரே பத்திரத்தில் வேலையில்லாமல் போனது. 2004ல் 'ஸ்டேஜ் பியூட்டி' என்று ஒரு படம் வந்தது. கைனஸ்டனைக் கொஞ்சம் அதிகமாகவே அழவைத்துவிட்டார்கள். உண்மையில் மனிதர் அப்படி ஒன்றும் உடைந்துபோகவில்லை. அரசர் வேடங்களுக்கு மாறி, அந்த நூற்றாண்டின் இறுதிவரை நடித்தார். அறுபது தாண்டிய பிறகும் பல்வரிசை மட்டும் இருபது வயதுக்காரியுடையது மாதிரி வெள்ளையாக, ஒழுங்காக இருந்தது என்று சிப்பர் குறிக்கிறார். அந்த அழகில் கடைசியாக மிஞ்சியது பல்.

நமக்கு இது புரியாத விஷயமில்லை. பாய்ஸ் கம்பெனிகளில் 'மகரக்கட்டு' என்ற வார்த்தையைக் கேட்டாலே பையன்களுக்கு வயிறு கலங்கும். ராஜபார்ட்டுக்கு இணையாகப் பாடிக்கொண்டிருந்த பையனுக்கு ஒரு மார்கழியில் குரல் உடையும். தையில் அவன் சேவகன் வேடத்தில் ஈட்டி பிடித்து நிற்பான். சிறுவயதில் சீதை வேடம் கட்டிய சிவாஜி கணேசன் மாதிரி மறு கரையில் கம்பீரமாக ஏறியவர்கள் கொஞ்சம் பேர்தான். ஹாம்லெட்டே இதைப் பேசுகிறான். அரண்மனைக்கு வருகிற நாடகக்காரர்களை வரவேற்கும்போது, பெண் வேடம் போடும் பையனைப் பார்த்து, நீ வளர்ந்துவிட்டாயே என்கிறான். விரிசல் விழுந்து செல்லாமல் போன தங்கக் காசு மாதிரி உன் குரலும் ஆகிவிடக் கூடாது என்கிறான். வேடிக்கைப் பேச்சுதான். அந்தப் பையனுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், ஷேக்ஸ்பியர் காலத்து மேடையில் அழகான பெண் என்று ஒருத்தி கண்ணுக்கு முன்னால் நின்றதே இல்லை. பட்டப்பகலில், வேடம் போட்ட பையன் நின்றான். அழகு முழுவதும் காதுவழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அதனாலோ என்னவோ, அந்த நாடகங்களில் உச்சமான அழகு எப்போதும் நேற்றைக்கு இருந்ததாகவே வருகிறது. பார்த்தவன் இன்னொருவனிடம் சொல்வான். பறிகொடுத்தவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்வான்.

'ஆண்டனி அண்ட் கிளியோபாத்ரா' நாடகத்தில் ராணி கிளியோபாத்ரா படகில் வருகிற வர்ணனையை எடுத்துக்கொள்ளுங்கள். பொன்மயமான பின்தளம், ஊதா நிறப் பாய், குழலோசைக்கு இசைந்து அசைகிற வெள்ளித் துடுப்புகள். இந்தச் சாமான்களையெல்லாம் ஷேக்ஸ்பியர் சொந்தமாகச் செய்யவில்லை. புளூட்டார்க்கின் நூலுக்குத் தாமஸ் நார்த் 1579ல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து அப்படியே அள்ளிக்கொண்டார். ஆனால் அதை எங்கே வைத்தார் என்பதில் இருக்கிறது கைவரிசை. சொல்கிறவன் எனோபார்பஸ், எதற்கும் லேசில் மயங்காத, வாய்த்துடுக்கான படைவீரன். சொல்கிற இடம் ரோம். ராணி அங்கே இல்லை. ஆண்டனிக்கு அன்றைக்குத்தான் இன்னொருத்தியுடன் கல்யாணம் பேசி முடித்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் இவன் வருஷக்கணக்குக்கு முந்தைய ஒரு படகைப் பற்றிப் பேசுகிறான், கேட்கிற இரண்டு ரோமானியர்களும் வாய் பிளக்கிறார்கள். புளூட்டார்க் அவள் அழகு அப்படி ஒன்றும் ஈடு இணையில்லாதது அல்ல, மயக்கம் குரலிலும் பேச்சிலும் இருந்தது என்றுதான் எழுதியிருக்கிறார். நாடகத்தில் கிளியோபாத்ராவே தன்னைப் பற்றி, வெயில் கிள்ளிக் கறுத்தவள், காலம் ஆழமாகச் சுருக்கம் போட்டவள் என்று சொல்லிக்கொள்கிறாள்.

கடைசி அங்கத்தில் ஒரு சின்ன உரையாடல் வரும். பாம்பு, சாவு என்ற பெரிய காட்சிக்கு முன்னால் வருவதால் பலர் இதைக் கவனிப்பதில்லை. ஆண்டனி செத்துவிட்டான். அவளுக்குக் காவலாக வந்திருக்கும் டொலபெல்லா என்ற ரோமானியனிடம் அவள் ஒரு கனவைச் சொல்கிறாள். கனவில் வந்த ஆண்டனியின் கால்கள் கடலைத் தாண்டி நிற்கின்றன, கை உலகத்துக்கே மேலே உயர்ந்திருக்கிறது, நாடுகளும் தீவுகளும் அவன் பையிலிருந்து சில்லறைக்காசு மாதிரி உதிர்கின்றன. சொல்லிவிட்டு, இப்படி ஒரு மனிதன் இருந்திருக்க முடியும் என்று நினைக்கிறாயா என்று கேட்கிறாள். டொலபெல்லா மரியாதையாக, மெதுவாக, இல்லையம்மா என்கிறான். அவ்வளவுதான் அவன் பதில். நாமும் அவன் பக்கம்தான். நாம் பார்த்த ஆண்டனி கடற்போரில் அவள் கப்பலுக்குப் பின்னாலேயே ஓடி வந்தவன். தற்கொலையைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாமல் குற்றுயிராகக் கயிற்றில் மேலே தூக்கப்பட்டவன். அவள் விடுவதாக இல்லை. பொய் சொல்கிறாய் என்று அவன்மேல் பாய்கிறாள்.

அதற்குப் பிறகு, ரோமில் எங்களை நாடகமாகப் போடுவார்கள், கீச்சுக்குரல் பையன் ஒருவன் என் வேடம் கட்டி என் மாட்சியைக் கெடுப்பான் என்று அஞ்சுகிறாள். அந்த வசனத்தைச் சொல்வது யார்? வேடம் கட்டிய ஒரு பையன். அவனுக்கும் மகரக்கட்டுக்கும் நடுவே எத்தனை மாதம் இருந்திருக்குமோ.

ஜான் வெப்ஸ்டரின் 'டச்சஸ் ஆஃப் மால்ஃபி' பற்றிச் சொல்லாமல் இதைத் தாண்ட முடியாது. 1623ல் அச்சான அதன் பிரதியில், ஆங்கில நாடக நூல்களில் அபூர்வமாக, யார் எந்த வேடம் என்ற பட்டியலும் இருக்கிறது. சீமாட்டி வேடத்துக்கு நேரே ரிச்சர்ட் ஷார்ப் என்ற பையனின் பெயர். 2014 ஜனவரியில் லண்டன் குளோப் வளாகத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே நடக்கும் சாம் வானமேக்கர் அரங்கத்தை இந்த நாடகத்தோடுதான் திறந்தார்கள். ஜெம்மா ஆர்டர்டன் நடித்தார். அதன் பதிவை நான் மடிக்கணினியில் இரண்டு இரவாகப் பார்த்தேன்.

அதில் ஒரு தலைவாரும் காட்சி. இளம் விதவையான சீமாட்டி, தன் வீட்டுக் காரியஸ்தன் அன்டோனியோவை யாருக்கும் தெரியாமல் மணந்துகொண்டிருக்கிறாள். ராத்திரி. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தலைவாரிக்கொண்டே கணவனோடும் தோழியோடும் வம்பளக்கிறாள். அவளைத் தனக்குத்தானே பேசவிட்டு, அவள் கோபப்படுவதைப் பார்க்க வேண்டும் என்று அவர்கள் இரண்டு பேரும் சத்தமில்லாமல் நழுவிவிடுகிறார்கள். அது தெரியாமல் இவள் பேசிக்கொண்டே போகிறாள்: முடியின் நிறம் மாற ஆரம்பித்துவிட்டதே, எனக்கு முழுக்க நரைக்கட்டும், அரண்மனையில் இருக்கிற எல்லோரையும் தலையில் வெள்ளைப் பொடி போட்டுக்கொள்ளச் சொல்கிறேன், எல்லோரும் என்னைப் போலவே ஆகிவிடட்டும். பதில் இல்லை. திரும்பிப் பார்த்தால் பின்னால் நிற்பது அண்ணன் ஃபெர்டினண்ட், கையில் கத்தி.

அவளுக்கு முழுக்க நரைக்கவே இல்லை. அதற்கு முன்னால் கொன்றுவிடுகிறார்கள். கொல்லச் சொன்ன ஃபெர்டினண்ட் அவளோடு ஒரே வயிற்றில் பிறந்த இரட்டை. பிணத்தின் முகத்தைப் பார்க்க முடியாமல் மூடச் சொல்கிறான். கண் கூசுகிறது என்கிறான், இளம் வயதிலேயே போய்விட்டாள் என்கிறான். படிக்கிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தைத்தான் கொண்டாடுவார்கள். எனக்கு அந்த ஒற்றை நரைமுடிதான் பெரிது. தனக்கு வயதாகும் என்று அவ்வளவு நம்பிக்கையாகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தாளே.

இனி 'வின்டர்ஸ் டேல்'. ஷேக்ஸ்பியரின் கடைசிக் காலத்து நாடகம். 1611 மே 15 அன்று குளோப் அரங்கில் பார்த்ததாக சைமன் ஃபோர்மன் என்ற வைத்தியர் எழுதி வைத்திருக்கிறார். நான் இதை முதலில் சந்தித்தது நான்-டீடெய்ல் பாடத்தில், சார்லஸ் லாம்பும் அக்கா மேரியும் சுருக்கி எழுதிய கதையாக. இருபது வயதில் அது ஒரு மந்திரக்கதை. சிசிலி ராஜா லியான்டஸ், கர்ப்பிணியான தன் மனைவி ஹெர்மயனிமேல் ஒரு காரணமும் இல்லாமல் சந்தேகப்படுகிறான். சபையில் நிறுத்தி விசாரிக்கிறான். அவள் குற்றமற்றவள் என்று அப்பல்லோ தெய்வத்தின் வாக்கு வந்தும் ஏற்கவில்லை. அந்தக் கணமே மகன் மாமிலியஸ் இறந்த செய்தி வருகிறது, அவள் சுருண்டு விழுகிறாள், அவளும் போய்விட்டாள் என்று அரண்மனைச் சீமாட்டி பாலினா வந்து சொல்கிறாள். பிறந்த பெண் குழந்தையை எங்கோ கரையில் விட்டுவர ஏற்கெனவே ஆள் அனுப்பியாயிற்று.

பதினாறு வருஷம் கழிகிறது. தொலைந்த மகள் கிடைத்துவிடுகிறாள். பாலினா தன் வீட்டில் ஹெர்மயனியின் சிலை ஒன்று இருப்பதாக எல்லோரையும் அழைத்துப் போகிறாள். சிலையைப் பார்த்த ராஜா என்ன சொல்கிறான் தெரியுமா? இவ்வளவு சுருக்கம் அவளுக்கு இல்லையே! பாலினா அசரவில்லை. அது சிற்பியின் திறமை, பதினாறு வருஷம் கழித்து அவள் எப்படி இருப்பாளோ அப்படிச் செதுக்கியிருக்கிறார் என்கிறாள். பிறகு சங்கீதம் ஒலிக்க, சிலை இறங்கி வருகிறது. தொட்டால் சூடாக இருக்கிறது.

ஷேக்ஸ்பியருக்கு மூலமாக இருந்த ராபர்ட் கிரீனின் 'பான்டோஸ்டோ' 1588ல் வந்தது. அந்தக் கதையில் ராணி உண்மையிலேயே செத்துப்போகிறாள், திரும்புவதில்லை. ஷேக்ஸ்பியர் அவளைத் திருப்பிக் கொடுத்தார், சுருக்கத்தோடு. முதல் தடவை படித்தபோது இந்தச் சுருக்கம் என் கண்ணிலேயே படவில்லை. ஐம்பதைத் தாண்டிய பிறகு அதைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. இழந்த அழகைப் பற்றி இங்கிலீஷ் நாடகம் எத்தனையோ பேசியிருக்கிறது. அதில் நான் நம்புவது இந்த ஒன்றைத்தான்.

ஒரு வருஷம் இந்தக் காட்சியை நான் உருகி உருகி நடத்தி முடித்ததும், மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "அது சரி சார், அந்தம்மாவோட பதினாறு வருஷத்தை யாரு சார் திருப்பித் தருவா? செத்த பையன் வந்தானா?" என்றாள். வகுப்பு கப்சிப். எனக்கு உடனே பதில் வரவில்லை. வீட்டுக்குப் போய் நாடகத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஹெர்மயனி புருஷனைக் கட்டிக்கொள்கிறாள், ஆனால் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வாய் திறந்து பேசுவது மகளிடம் மட்டும். மகனைப் பற்றி அந்தக் காட்சியில் அவள் எதுவுமே சொல்வதில்லை. அத்தனை வருஷம் நான் நடத்திய பாடத்தில் இது இருந்ததே இல்லை. மறுநாள் அந்தப் பெண்ணிடம், "நீ கேட்டதுதாம்மா சரி" என்று சொன்னேன். அவள் மதிப்பெண் ஏதாவது சேர்த்துப் போடுவேனா என்ற மாதிரி பார்த்தாள்.

செத்த பையன் திரும்பி வந்தானா என்ற கேள்விக்கு நாடகத்துக்கு வெளியே ஒரு பதில் இருக்கிறது. 1856 ஏப்ரலில் லண்டன் பிரின்சஸ் தியேட்டரில் சார்லஸ் கீன் போட்ட 'வின்டர்ஸ் டேல்' நாடகத்தில் மாமிலியஸாக நடித்தது ஒன்பது வயதுச் சிறுமி, எலன் டெர்ரி. அவள் மேடையேறிய முதல் நாள். விக்டோரியா மகாராணி வந்திருக்கிறார். பழைய கிரேக்க ஜாடி ஓவியத்தைப் பார்த்துச் செய்த பொம்மை வண்டியை இழுத்துக்கொண்டு ஓடி வந்தவள், அதன் கைப்பிடி தடுக்கி மல்லாக்க விழுந்தாள். சபையில் சிரிப்பு. தன் நடிப்பு வாழ்க்கை அத்தோடு முடிந்தது என்று நினைத்ததாகப் பிற்பாடு எழுதினார். சரியாக ஐம்பது வருஷம் கழித்து, 1906ல், ஹிஸ் மெஜஸ்டீஸ் தியேட்டரில் அதே நாடகம். இம்முறை எலன் டெர்ரி ஹெர்மயனி. செத்த பையன் அம்மாவாகத் திரும்பி வந்து, சிலையாக நின்றான். ஐம்பத்தொன்பது வயது, சுருக்கத்துக்கு மேக்கப் தேவைப்பட்டிருக்காது.

எலன் டெர்ரியின் அழகு ஒரு காலத்தில் தேசத்தின் சொத்து மாதிரி. பதினேழு நிறைய ஒரு வாரம் இருக்கும்போது நாற்பத்தாறு வயது ஓவியர் வாட்ஸைக் கல்யாணம் செய்துகொண்டார். ஒரு வருஷம்கூட நிலைக்கவில்லை. அந்தச் சமயத்தில் வாட்ஸ் வரைந்த படம் லண்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்தில் இருக்கிறது. வாசனையே இல்லாத பகட்டான கமேலியாவை முகர்ந்து பார்க்கிறாள் அந்தப் பெண். மணக்கிற சின்ன வயலட் பூக்கள் மற்றொரு கையில். பெர்னார்ட் ஷாவோடு 1892லிருந்து கடிதப் போக்குவரத்து. காதல் கடிதம் என்று சொல்லத்தக்கவை எத்தனையோ. இருவரும் இருந்தது லண்டனில். அவர் நாடக விமர்சகர், இவர் நாடக நடிகை. ஆனாலும் நேருக்கு நேர் நின்று பேசியது 1900ல்தான். கெட்டிக்காரர்கள்.

லேடி மேக்பெத் வேடத்துக்கு 1888ல் தைத்த உடை கென்ட்டில் ஸ்மால்ஹைத் என்ற இடத்தில் அவருடைய வீட்டில் இருக்கிறது. சார்ஜென்ட்டின் புகழ்பெற்ற ஓவியத்தில் அவர் அணிந்திருப்பது அதைத்தான். பச்சை நூலில் பின்னி, மேலே ஆயிரம் வண்டுச் சிறகுகளைத் தைத்திருக்கிறார்கள். தீப்பெட்டிக்குள் கொடுக்காப்புளி இலை போட்டு நாம் வளர்த்தோமே பொன்வண்டு, அதன் உறவுக்கார வண்டுகளின் பச்சை ஓடு. நைந்து உதிர ஆரம்பித்த அந்த உடையை மாதக்கணக்கில் செப்பனிட்டு 2011ல் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். உடம்பு போய்விட்டது, வண்டுச் சிறகு பளபளவென்று இருக்கிறது.

முப்பத்தைந்து வயதில் ஜூலியட்டாக நடித்தவர் எழுபத்திரண்டு வயதில், 1919ல், அதே நாடகத்தில் ஜூலியட்டின் செவிலித்தாய். நடுவே 1911ல், அறுபதைத் தாண்டியவர், கிராமஃபோன் தட்டுக்காக ஜூலியட் மயக்கமருந்தைக் குடிக்கும் முன் பேசுகிற வசனத்தைப் பதிவு செய்திருக்கிறார். தேடினால் இணையத்தில் கிடைக்கும். கரகரப்புக்கு நடுவே பதினாலு வயது நிறையாத பெண்ணுக்குப் பயம் வருகிறது. ஹெட்போன் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். முகம் தெரியாதது நல்லதுக்குத்தான்.

1928 ஜூலையில் ஸ்மால்ஹைத் வீட்டில் இறந்தார். அஸ்தி, லண்டன் கோவென்ட் கார்டனில் நடிகர்களின் கோயில் என்று பேர் வாங்கிய செயின்ட் பால் தேவாலயத்துச் சுவரில், ஒரு வெள்ளிக் கலசத்தில் இருக்கிறது. ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத்தில் பூக்காரப் பெண் மழைக்கு ஒதுங்குகிற வாசல் மண்டபம் அதே கோயிலுடையதுதான். எட்வர்ட் கைனஸ்டனைப் புதைத்ததும் அங்கேதான்.